கூலியா, கைத்தொழிலா?

பையன் பத்தாவது தேறிவிட்டான். அல்லது பன்னிரண்டாவது தேறிவிட்டான். அடுத்து என்ன?

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் எழுகிறது. ஆனால் கும்மிடிப்பூண்டியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இதற்கு ஒரு பதில் தயாராகக் காத்திருக்கிறது. சைக்கிளில் போகும் தூரத்தில் தொழிற்சாலை. கான்டிராக்டரின் ஆள் அதே தெருவில் குடியிருப்பார். "நாளைக்கே அனுப்பி வைம்மா. ஷிப்டு முடிஞ்சா காசு. நம்ம பையன்தானே, நான் பார்த்துக்கறேன்" என்பார். அடுத்த வாரமே பையன் கையில் பணம். வீட்டுக்கு அரிசி வருகிறது. தங்கைக்குத் தோடு வருகிறது. பையனுக்கு ஒரு செல்போனும் வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஐந்து வருஷம் கழித்து அந்தப் பையனைப் பாருங்கள். அதே மூட்டை. அதே டிராலி. கூலி கொஞ்சம் ஏறியிருக்கலாம். வேலை ஏறவில்லை. கான்டிராக்டர் மாறினால் மறுபடியும் முதல் நாள். அவனுக்கு 23 வயது. "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை.

கூலி வேலை கேவலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கூலிக்காரர் உழைப்பில்தான் அத்தனை ஆலைகளும் ஓடுகின்றன. ஆனால் முன்னேற வேண்டும் என்று ஆசைப்படும் வாலிபனுக்கு 18 வயதில் கிடைக்கும் தினக்கூலி ஒரு பொறி. அதில் விழுவது சுலபம். வெளியே வருவது கஷ்டம்.

ஆலை பக்கத்தில், தொழில் தூரத்தில்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. மின்சார ரெயில் வருகிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஒரு பக்கம் எண்ணூர் துறைமுகம். இத்தனை வசதியும் சேர்ந்த இடத்தில் தொழில் வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

பெரிய தொழிற்சாலைகளுக்கு இடம் எடுத்துக் கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1971-ல் சிப்காட் என்ற கழகத்தை அமைத்தது. சிறுதொழில்களுக்காக அதற்கு ஓர் ஆண்டு முன்பே சிட்கோ அமைந்தது. கும்மிடிப்பூண்டியில் இரண்டுக்கும் பேட்டைகள் உண்டு. பழைய இரும்பை உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், மோட்டார் உதிரிபாகம், ரசாயனம், பிளாஸ்டிக் என்று பல வகை. பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட் வளாகம். அங்கே பிரான்ஸ் நாட்டு மிச்செலின் கம்பெனியின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் தடா. அதை அடுத்து 2008-ல் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் தொடங்கப்பட்டது. மேற்கே திருவள்ளூர் பக்கம் போனால் காக்களூர் தொழிற்பேட்டை. இன்னும் கிழக்கே வந்தால் ஆவடி, அம்பத்தூர்.

இவ்வளவு தொழில் உள்ள மாவட்டம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. திருவள்ளூர் 1997-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. ஆனால் அதன் மண்ணில் சக்கரம் சுழலத் தொடங்கியது அதற்கு வெகு காலம் முன்பே.

பிறகு ஏன் உள்ளூர்ப் பையன் மூட்டை தூக்குகிறான்?

ஆலைக்குள் இரண்டு வகை ஆட்கள். எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் ஒரு வகை. முதல் வகைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். அது கையில் இருந்தால் மதுரைக்காரனும் வரலாம், சேலத்துக்காரனும் வரலாம். வருகிறார்கள். இரண்டாவது வகைக்குச் சான்றிதழ் வேண்டாம். முதுகு இருந்தால் போதும். அந்த வேலைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வாலிபர்கள் ரெயிலேறி வருகிறார்கள். உள்ளூர்ப் பையன் அவர்களோடு போட்டி போடுகிறான். வீட்டை விட்டு வந்தவன் 12 மணி நேரம் நிற்பான், ஆலை அருகிலேயே படுப்பான். உள்ளூர்க்காரனுக்குத் திருவிழா உண்டு, கல்யாணம் உண்டு, சாவு உண்டு. இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று மேஸ்திரிக்குத் தெரியும்.

வெளி மாநிலத்துக்காரன் மீது கோபப்பட்டுப் பயன் இல்லை. அவனும் ஏழை. உள்ளூர்ப் பையன் போட்டியை மாற்ற வேண்டும். முதுகுப் போட்டியை விட்டுவிட்டுக் கைப்போட்டிக்கு வர வேண்டும்.

இரண்டு வருஷத்தில் ஒரு தொழில்

ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தைப் பற்றிப் பல வீடுகளில் ஓர் இளக்காரம் இருக்கிறது. "மார்க்கு வராத பிள்ளை போகிற இடம்" என்கிறார்கள். இது தவறான எண்ணம். இந்தப் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. பிட்டர், டர்னர், மெஷினிஸ்டு, எலெக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களுக்கு 2 வருஷம். வெல்டர் தொழிலுக்கு 1 வருஷம். பிட்டருக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டருக்கு எட்டாவது தேறினாலே போதும். தேர்வில் வெற்றி பெற்றால் இந்தியா முழுவதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும்.

அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கப் பெரிய பணம் வேண்டியதில்லை. படிக்கும்போதே மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு செய்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. அதே போல ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. இவை கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் சேர்த்துத்தான் இவை வகுக்கப்பட்டன. சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். பழைய காலத்து லேத்தும் அரமும் மட்டும் இருந்த இடம் அல்ல இப்போது ஐ.டி.ஐ. டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்கும் வேலையை மாநில அரசு எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் சொல்லும்படி உலோகத்தைச் செதுக்கும் எந்திரங்களும், ரோபோக்களும் வந்தன. ஆலைக்குள் இருக்கும் எந்திரத்தை ஆலைக்குப் போகுமுன்பே தொட்டுப் பார்க்கலாம்.

எந்தத் தொழிலை எடுப்பது? பக்கத்து வீட்டுப் பையன் எடுத்ததை எடுக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உலையும் உருட்டாலையும் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே மோட்டார் நின்றால் நிமிஷத்துக்கு நிமிஷம் நஷ்டம். ஆகவே எலெக்ட்ரீஷியனுக்கும் பிட்டருக்கும் எப்போதும் தேவை உண்டு. பிளாஸ்டிக் தொழிலில் ஆசை உள்ள பையனுக்கு, சென்னை கிண்டியில் 1968 முதல் நடந்துவரும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. சிபெட் என்று சொல்வார்கள். வெளி மாநிலங்களிலிருந்தும் பையன்கள் வந்து படிக்கிறார்கள். மின்சார ரெயில் ஏறினால் போய்விடலாம் என்ற தூரத்தில் இருப்பவர்களுக்கு இதன் பெயர் தெரியாமல் இருக்கக் கூடாது.

சட்டம் கொடுத்திருக்கும் கதவு

ஐ.டி.ஐ. முடித்தவுடன் "வேலை எங்கே?" என்று அலையக் கூடாது. "அப்ரண்டீஸ் எங்கே?" என்று கேட்க வேண்டும்.

தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. பல முறை திருத்தப்பட்டது. 2019-ல் திருத்திய விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டீஸ்களை எடுத்தே தீர வேண்டும். எத்தனை பேர்? மொத்த ஆட்களில் நூற்றுக்கு இரண்டரைக்குக் குறையாமல், பதினைந்துக்கு மேல் போகாமல். கான்டிராக்டு ஆட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதாவது 400 பேர் வேலை செய்யும் ஆலையில் குறைந்தது 10 வாலிபர்கள் தொழில் பழக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. மாத உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வு. தேறினால் தேசிய அப்ரண்டீஸ் சான்றிதழ்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உள்ள ஆலைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எத்தனை இடங்கள்! ஆனால் ஆலைக்கு எதிரில் டீ குடிக்கும் பையனுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. மத்திய அரசின் அப்ரண்டீஸ் இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. படித்த ஐ.டி.ஐ.யின் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டால் அவரே வழி சொல்வார்.

தனியார் ஆலைகள் மட்டும் அல்ல. 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலை ஆண்டுதோறும் அப்ரண்டீஸ்களை எடுக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் எடுப்பது உண்டு. ரெயில்வேயில் அப்ரண்டீஸ் முடித்தவர்களுக்குக் கீழ்நிலை வேலைகளில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கீடு இருக்கிறது. அப்ரண்டீஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை; தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் வெளியில் நிற்பதைவிட வரிசையில் நிற்பது மேல்.

"உதவித்தொகையைவிட கான்டிராக்டு கூலி அதிகமாச்சே?" என்று பையன் கேட்பான். உண்மை. சில இடங்களில் அதிகம்தான். அந்த ஒரு வருஷக் குறைச்சலைக் குடும்பம் தாங்க வேண்டும். அண்ணன் தாங்கலாம், அக்காள் தாங்கலாம். அது செலவு அல்ல, முதலீடு.

ஏணியில் படிகள் உண்டு

ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்துவிட்டது என்பதும் தவறு. பத்தாவது தேறி 2 வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இப்படி ஏறி வந்த எஞ்சினீயருக்குக் கையும் தெரியும், கணக்கும் தெரியும். ஸ்பானரைத் தொடாமலே பட்டம் வாங்கிய எஞ்சினீயரைவிட அவருக்கு ஆலையில் மதிப்பு அதிகம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளை நேராகவே பொறியியல் படிக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடம் என்று தமிழக அரசு 2021-ல் சட்டம் செய்தது. அந்த இடத்தில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண் இதனால் எஞ்சினீயர் ஆக முடியும். ஆனால் நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, எந்தக் கல்லூரி என்று பார்க்காமல், "எஞ்சினீயர்" என்ற பெயருக்காகச் சேர்ப்பது வேறு விஷயம். அப்படிப் படித்துவிட்டு, டிப்ளமாக்காரர் வாங்கும் சம்பளத்துக்கே ஆலையில் சேர்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். போன நிலம் திரும்பி வராது.

பெண் பிள்ளைகள்

ஸ்ரீசிட்டியில் செல்போன் செய்யும் ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். பஸ் வந்து வீட்டருகில் ஏற்றிக்கொண்டு போகிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறது. நல்லதுதான். பெற்றோர் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்த வேலைகளில் பல, இளம் வயதுக்கு உரியவை. கண் கூர்மையும் விரல் வேகமும் குறைந்தால், கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்தால், அந்தப் பஸ் அந்த வாசலில் நிற்காது. ஆகவே வேலைக்குப் போகுமுன் ஒரு டிப்ளமா, ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சி இருந்தால், வரிசையில் உட்காரும் பெண் பிற்பாடு வரிசையை மேற்பார்க்கும் பெண் ஆகலாம். "பெண்ணுக்கு எதற்கு பிட்டர் வேலை?" என்று கேட்ட காலம் போய்விட்டது. அம்பத்தூரில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. நடக்கிறது.

கான்டிராக்டில் இருப்பவர் கேட்க வேண்டியவை

ஏற்கெனவே கான்டிராக்டில் சேர்ந்துவிட்டவர் மனம் உடைய வேண்டாம். அவரும் சில காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, பி.எப். பிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தொழிலாளி பங்கு நூற்றுக்கு 12. முதலாளி பங்கும் 12. யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். கான்டிராக்டர் மாறினாலும் எண் மாறாது. அந்த எண்ணைக் கேட்டு வாங்காதவர், தன் பணம் எங்கே போகிறது என்று தெரியாதவர். இரண்டாவது, ஈ.எஸ்.ஐ. தொழிலாளி சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிப்பார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் போட வேண்டும். இது 2019-ல் குறைக்கப்பட்ட விகிதம். அடுத்தவர் சொன்னார் என்று இதை விட்டுவிடக் கூடாது. உலை வாயில் நிற்கிறவன் காலில் உருகிய இரும்பு தெறித்தால், அப்போதுதான் ஈ.எஸ்.ஐ. கார்டின் அருமை வீட்டுக்குத் தெரிகிறது. வைத்தியம் மட்டும் அல்ல, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் உண்டு. அங்கம் போனால் மாதா மாதம் உதவி உண்டு.

தோல் பூட்ஸும் கையுறையும் கண்ணாடியும் கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. செருப்புக் காலோடு உலைப் பக்கம் போகச் சொல்லும் இடத்தில் ஒரு ஷிப்டு கூட நிற்கக் கூடாது.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவரிடம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். உள்ளூர் ஆலைக்கும் இதுதான், வெளிநாட்டுக்கும் இதுதான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர்கள் 2022-ல் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்தார்கள். அரசு தலையிட்டு மீட்டு வந்தது. வெளிநாடு போக ஆசை இருந்தால், மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டுதானா என்று பார்க்க வேண்டும். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. அங்கே போய்க் கேட்கலாம். பத்தாவது தேறாதவர் சவுதி முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசின் தனி அனுமதி வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்தத் தடை இல்லை. பாதியில் நின்ற பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதி முடிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

சொந்தத் தொழில்

சம்பளத்துக்கு வேலை பார்ப்பது சிலருக்குப் பிடிக்காது. "நாலு பேருக்கு வேலை கொடுக்கணும்" என்பார்கள். நல்ல ஆசை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பலர் ஒரு காலத்தில் பெரிய ஆலைகளில் டர்னராகவும் பிட்டராகவும் இருந்தவர்கள். வேலை செய்த இடத்தில் எந்த உருப்படி எவ்வளவு விலைக்கு வாங்கப்படுகிறது என்று கவனித்தார்கள். பிறகு அதைத் தாங்களே செய்து கொடுத்தார்கள்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை எல்லோரும் அறிவார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து ஒன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். பிறகு வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிரித்துப் பார்த்தது முதலில், பஸ் பிறகு. இந்த வரிசையைத்தான் இன்றைய வாலிபர் தலைகீழாக்குகிறார். முதலில் கடன், பிறகு தொழில் என்கிறார்.

பர்மாவிலும் மலாயாவிலும் கொடிகட்டிப் பறந்த நகரத்தார் கடைகளில் பையன்களை எடுத்த எடுப்பில் கல்லாவில் உட்கார வைக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை செய்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள். முதலாளி மகனும் அப்படித்தான் பழகினான்.

இதே வழக்கம் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கிறது. நைஜீரியா நாட்டில் இக்போ என்றொரு ஜனங்கள். 1967 முதல் 1970 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் அவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். போர்க் காலத்தில் வங்கிக் கணக்கை நடத்தியவர்களுக்கு, எவ்வளவு போட்டிருந்தாலும் 20 பவுண்டுதான் தருவோம் என்று அரசு சொல்லிவிட்டது. அந்த 20 பவுண்டிலிருந்து அவர்கள் மறுபடியும் எழுந்தார்கள். எப்படி? கிராமத்துப் பையன் பட்டணத்து வியாபாரியிடம் சேருகிறான். அவர் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. சம்பளம் இல்லை. சில ஆண்டுகள் கடையில் உழைக்கிறான். சரக்கு எங்கே வாங்குவது, யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கற்றுக்கொள்கிறான். காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்குத் தனிக்கடை வைக்கப் பணமோ சரக்கோ கொடுத்து அனுப்புகிறார். அவன் நாளைக்கு வேறு பையன்களை எடுத்துக்கொள்கிறான். ஒனிட்சா, அபா, நெவி ஆகிய ஊர்களின் பெரிய சந்தைகள் இப்படித்தான் வளர்ந்தன. நெவியில் மோட்டார் சைக்கிள் உதிரிபாக வியாபாரம் செய்த இன்னோசென்ட் சுக்வுமா என்பவர் அங்கேயே மோட்டார் வாகனம் செய்யும் ஆலையைக் கட்டினார்.

அந்த முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பணம் கொடுக்க வேண்டிய சமயம் நெருங்கும்போது, "நீ திருடிவிட்டாய்" என்று பழி போட்டுத் துரத்தும் முதலாளிகளும் உண்டு. எழுத்தில் ஒன்றும் இல்லை. பையன் படிப்பையும் விட்டிருப்பான். அந்த வகையில் இங்குள்ள அப்ரண்டீஸ் சட்டம் மேலானது. எழுத்தும் உண்டு, சான்றிதழும் உண்டு. ஆனால் இக்போ முதலாளி செய்யும் ஒரு காரியத்தை இங்கே யாரும் செய்வதில்லை. பழகிய பையனைத் தனித் தொழில்காரனாக நிற்க வைத்துவிட்டுத்தான் அவர் தம் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்.

இங்கே அந்த இடத்தில் வங்கியும் அரசுத் திட்டமும் இருக்கின்றன. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் கடன் தர வழி செய்தார்கள். தமிழக அரசு 2012-ல் நீட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டம் தேறியவர்களுக்கு உரியது. தொழிலின் மொத்த மதிப்பில் கால் பங்கு மானியம்.

மானியம் என்றதும் பலருக்குக் கண் விரிகிறது. அங்கேதான் ஆபத்து. மத்திய அரசின் சுயதொழில் திட்டத்தில் மானியப் பணம் கைக்கு வருவதில்லை. வங்கியில் 3 வருஷம் இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழிக்கப்படும். மானியத்தை நம்பித் தொடங்கிய தொழில் மானியம் வருமுன் மூடப்படும். யார் வாங்குவார்கள் என்று தெரிந்த பிறகே எந்திரத்துக்கு விலை கேட்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஆலைகள் தினமும் வாங்குவது என்ன? சரக்கை அடுக்கும் மரப் பேலட். அட்டைப் பெட்டி. சீருடை. காண்டீன் சாப்பாடு. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை. இவை எல்லாம் சின்ன முதலில் தொடங்கக்கூடியவை. காயில் கட்டுபவர் ஒரு நாள் முன்னதாக மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த மோட்டாரும் அவரிடமே வரும்.

சரக்கைக் கொடுப்பதைவிடப் பணத்தை வாங்குவது கஷ்டம். பெரிய கம்பெனி "அடுத்த மாதம் வா" என்னும். ஆனால் பட்டறைக்காரர் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆக வேண்டும். நல்ல பட்டறைகள் பல, வேலை இல்லாமல் மூடவில்லை. பாக்கி வராமல் மூடின. இதற்கு 2006-ல் வந்த சிறுதொழில் சட்டத்தில் வழி இருக்கிறது. வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல 3 மடங்கு, கூட்டு வட்டியாகத் தர வேண்டும். இந்த உரிமை வேண்டுமானால் தொழிலை உத்யம் என்ற பதிவில் சேர்த்திருக்க வேண்டும். 2020 ஜூலை முதல் நடக்கும் அந்தப் பதிவு இலவசம். பதிவுக்குப் பணம் கேட்கிறவர் ஏமாற்றுக்காரர்.

அதிகாரிகளும் ஆலைகளும்

புத்திமதி எல்லாம் பையனுக்கே சொல்வது நியாயம் அல்ல. மற்றவர்களும் செய்ய வேண்டியது இருக்கிறது.

கடனுக்கும் மானியத்துக்கும் மனுக் கொடுக்கும் மாவட்டத் தொழில் மையம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே போக நேர் ரெயில் இல்லை. சென்னைக்குப் போய் வேறு ரெயில் பிடிக்க வேண்டும். அல்லது பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி போகிறது. மாதம் ஒரு நாள் மையத்து அதிகாரிகள் கும்மிடிப்பூண்டிக்கு வந்து உட்கார்ந்தால், வங்கி மானேஜரையும் பக்கத்தில் உட்கார வைத்தால், பாதி மனுக்கள் அன்றே முடிந்துபோகும்.

ஆலைகள், இந்த ஆண்டு எத்தனை அப்ரண்டீஸ் இடம், என்ன தொழில், எந்தத் தேதிக்குள் மனு என்று தமிழில் எழுதி, சுற்றுப்புற ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டலாம். ஒரு தாள் காகிதம். கொஞ்சம் பசை. அதைப் படிக்கும் பையன், தெருக்கோடியில் நிற்கும் கான்டிராக்டரின் ஆளிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம், அண்ணே" என்று சொல்லிவிட்டு ஐ.டி.ஐ.க்கு மனு எழுதப் போவான்.